எந்த ஆட்டை, எப்போது, யாருக்கு விற்பது: சிறிய அளவில் ஆடு வளர்ப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஐந்து முதல் முப்பது உருப்படி வரை வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வளர்ப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பவர்கள்கூட விற்கும்போது தடுமாறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். வியாபாரி வாசலில் வந்து நின்ற பிறகுதான் எந்த ஆட்டைக் கொடுப்பது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். தடுமாற்றத்துக்குக் காரணம் அதுதான். அந்த நேரத்தில் அவர் கை காட்டும் ஆடுதான் போகும், அவர் சொல்லும் விலைதான் நிற்கும்.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் ஐந்தையும் வியாபாரியின் நினைப்பே இல்லாத சாதாரண நாட்களில் முடித்துவிட வேண்டும்.

தேவையானவை கொஞ்சம்தான்: ஒரு நோட்டு, ஒரு துணி அளவு நாடா, 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு, ஆட்டைத் தூக்கி மாட்ட ஒரு தொட்டில் துணி அல்லது நான்கு கால் நுழைய ஓட்டை வைத்த சாக்கு. தராசை அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் சேர்ந்து வாங்கினாலும் போதும்.

## 1. ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்

ஆட்டின் அடையாளம், பிறந்த மாதம், தாய் எது, பெட்டையாக இருந்தால் எத்தனை ஈற்று, எத்தனை குட்டி பிழைத்தது, கடைசியாக மருந்து கொடுத்த தேதி, தடுப்பூசி போட்ட தேதி. இவ்வளவையும் எழுதி, மாதம் ஒருமுறை எடையைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

"எல்லாம் என் தலையில் இருக்கிறது" என்பார்கள். பத்து ஆடு வரை இருக்கும். ஆனால் எந்தத் தாயின் குட்டிகள் வேகமாக வளர்கின்றன என்பது தலையில் நிற்காது. அழகாக இருக்கும் ஆடு நினைவில் நிற்கும், சத்தமில்லாமல் வருடாவருடம் இரண்டு குட்டியைப் பிழைக்கவைத்த ஆடு நிற்காது. விற்கும் நாளில் பலிபோவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான்.

அடையாளத்துக்காகக் காதை வெட்ட வேண்டாம். காது தோடு, கழுத்துப் பட்டை, கொம்பில் வண்ணம், எதுவும் சரிதான். காது அறுபட்ட ஆட்டைப் பண்டிகைக்காக வாங்க வருபவர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

பிறந்த மாதம் தெரியாத ஆட்டுக்குப் பல்லைப் பாருங்கள். வெள்ளாட்டுக்கு முன்பற்கள் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. எட்டும் சிறிய பால்பற்களாக இருந்தால் ஏறக்குறைய ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பல் வந்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. நான்கு என்றால் இரண்டை ஒட்டி, ஆறு என்றால் இரண்டரை முதல் மூன்று, எட்டும் மாறியிருந்தால் மூன்றரை, நான்கு வயது. அதற்குப் பிறகு பல் தேய்ந்து, இடைவெளி விட்டு, உடையத் தொடங்கும். இனத்தையும் தீவனத்தையும் பொறுத்துச் சில மாதம் முன்பின் ஆகும். வாங்குபவர் எப்படியும் வாயைத் திறந்து பார்க்கத்தான் போகிறார். அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

## 2. பணம் எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்கு

சிறு வளர்ப்பாளர் பெரும்பாலும் ஆடு முற்றிவிட்டது என்பதற்காக விற்பதில்லை. பணம் வேண்டியிருக்கிறது என்பதற்காக விற்கிறார். பள்ளிக்கட்டணம், விதை, மருத்துவம், கடன் தவணை. இதில் தவறில்லை, ஆடு வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் இவற்றில் பாதிக்கு மேல் தேதி முன்கூட்டியே தெரிந்த செலவுகள். பள்ளி எந்த மாதம் திறக்கும், விதைப்பு எப்போது என்று தெரியாத வீடு இல்லை.

நோட்டின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, தெரிந்த செலவுகளை அந்தந்த மாதத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் "விற்கப் பேச ஆரம்பி" என்று எழுதுங்கள். மூன்று வியாபாரிகளைக் கேட்கவும், ஒருவரைத் திருப்பி அனுப்பவும், இன்னொரு சந்தை நாளுக்குக் காத்திருக்கவும் அந்த அவகாசம் வேண்டும். நாளைக் காலையில் பணம் கட்ட வேண்டும் என்ற நிலையில் பேசினால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும். உங்கள் அவசரம் உங்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது அளவு. சிறிய தேவைக்குப் பெரிய ஆட்டை விற்காதீர்கள். மீதிப் பணம் வீட்டில் தங்காது, அது எங்கே போனது என்று ஒரு மாதம் கழித்துச் சொல்லவும் முடியாது. தேவைக்கு நெருக்கமான எடையுள்ள ஆடு பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், சின்னத் தொகையைச் சில வாரங்களுக்குக் கைமாற்றாக வாங்கிக்கொண்டு ஆடு எடை போட்ட பிறகு விற்பது மலிவாக முடியலாம். வட்டியை ஆட்டின் கிலோவாக மாற்றிப் பாருங்கள். அந்த நாட்களில் ஆடு போடும் எடை அதைவிட அதிகமாக இருந்தால் காத்திருக்கலாம்.

இன்னொன்று. அந்த ஆடு வீட்டில் யாருடையது? பல வீடுகளில் ஆடு மனைவியுடையது, அம்மாவுடையது, சில குட்டிகள் பிள்ளைகளுக்கென்று விட்டவை. தினமும் மேய்ப்பவருக்குத்தான் எந்த ஆடு எப்படி என்று தெரியும். அவரைக் கேட்காமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பான ஆட்டில்தான் போய் நிற்கிறது.

## 3. முதலில் விற்கக் கூடாதவற்றைப் பிரியுங்கள்

பலரும் "எதை விற்கலாம்" என்று தொடங்குகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். வைத்திருக்க வேண்டியவை முதலில் ஒதுங்கிவிட்டால், எந்த அவசரத்திலும் கை அங்கே போகாது.

ஒதுக்க வேண்டியவை இவை: நோட்டில் நன்றாகத் தெரியும் தாய் ஆடுகள், அந்தத் தாய்களுக்குப் பிறந்த நல்ல பெட்டைக்குட்டிகள், சினை ஆடுகள், மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்கள், மாற்றுக் கிடா வந்து சேரும்வரை இப்போதைய பொலிகிடா, அதாவது பெட்டைகளைச் சினைப்படுத்த வைத்திருக்கும் கிடா.

எத்தனை பெட்டைக்குட்டியை நிறுத்துவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு பெட்டை ஒன்று, ஒன்றரை வயதில் ஈனத் தொடங்கி ஆறேழு வயதுவரை பயன்படும். அதாவது ஐந்தாண்டு உழைப்பு. அப்படியானால் பத்துத் தாய் இருக்கும் பட்டியில் வருடத்துக்கு இரண்டு வயதாகிக் கழியும். சாவு, மலடு என்று இன்னொன்றைச் சேர்த்தால் வருடம் மூன்று நல்ல பெட்டைக்குட்டிகளை நிறுத்தினால்தான் எண்ணிக்கை அப்படியே நிற்கும். பட்டியைப் பெருக்க வேண்டுமானால் அதற்கு மேல். மேய்ச்சலும் கொட்டகையும் அவ்வளவுதான் தாங்கும் என்றால் மூன்றோடு நிறுத்திக்கொண்டு மற்றவற்றைத் தயங்காமல் விற்கலாம்.

நான் அதிகம் பார்க்கும் சேதம் இங்கேதான் நடக்கிறது. வேகமாக வளரும் குட்டிக்கு ஆறேழு மாதத்திலேயே நல்ல விலை கேட்கிறார்கள். கொடுத்துவிடுகிறோம். மெதுவாக வளரும் குட்டியை யாரும் கேட்பதில்லை, அது பட்டியிலேயே தங்கி, தாயாகி, தன்னைப் போலவே குட்டி போடுகிறது. நான்கைந்து வருடம் இப்படிப் போனால் பட்டி முழுக்கக் குறுகிய ஆடுகளாகிவிடும். தீவனத்தில் குறை என்று நினைத்துச் செலவை ஏற்றுவார்கள். தீவனத்தில் குறையிருக்காது, விற்ற வரிசையில் இருக்கும்.

சினை ஆட்டை அவசரத்தில் கொடுப்பதும் அப்படித்தான். வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். வயிறு தெரியத் தொடங்கும்போது பாதிக்கு மேல் கடந்திருக்கும். மீதி இரண்டு மாதம் பொறுத்தால் குட்டியும் தாயும் உங்களுடையவை. வெட்டுக்கு வாங்கும் வியாபாரி வயிற்றில் இருக்கும் குட்டிக்கு விலை தருவதில்லை.

## 4. விற்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துங்கள்

மிச்சம் இருப்பவைதான் விற்பனைப் பட்டியல். அதற்கும் வரிசை வேண்டும். நான் சொல்லும் வரிசையும் காரணமும் இது.

முதலில், கழிக்க வேண்டிய பெட்டைகள். பல் உடைந்து மேய முடியாதவை, மடிநோயில் ஒரு பக்கக் காம்பு செத்துப்போனவை, குட்டியைச் சேர்க்காமல் தள்ளிவிடுபவை, இரண்டு பருவம் கிடா சேர்த்தும் சினை நிற்காதவை. இவை தின்னும் ஒவ்வொரு கட்டுத் தழையும் நல்ல தாய்க்குப் போயிருக்க வேண்டியது. இப்படிப்பட்ட ஆடு நாளாக ஆக மெலியத்தான் செய்யும், ஆகவே உடம்பு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

சினை நிற்கவில்லை என்று பெட்டையைக் கழிக்கும் முன் கிடாவைப் பாருங்கள். பெட்டைக்குப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும். ஒரே ஒரு பெட்டை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் கோளாறு அதனிடம். மூன்று நான்கு பெட்டைகள் அப்படி வந்தால் கோளாறு கிடாவிடம். இதைக் கவனிக்காமல் நல்ல தாய்களை வரிசையாக வெட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

குட்டி கலைந்ததற்காக உடனே கழிக்க வேண்டாம். ஒன்றில் நடந்தால் விபத்தாக இருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று ஆடுகளுக்குக் கலைந்தால் தொற்று இருக்கலாம். அப்போது விற்பதையே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அந்த நோய்களில் சில மனிதருக்கும் பரவும், அதனால் கலைந்த குட்டியையும் நச்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள்.

இரண்டாவது, கிடாக்குட்டிகள். இருபது இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு பொலிகிடா போதும், ஆகவே பிறக்கும் கிடாக்குட்டிகள் ஏறக்குறைய எல்லாமே விற்பனைக்குத்தான். கவனம் என்னவென்றால் நான்கைந்து மாதத்திலேயே அவை தாயையும் கூடப் பிறந்ததையும் மிதிக்க, அதாவது இணைசேரத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்குள் காயடியுங்கள், இல்லையென்றால் தனியே பிரித்துக் கட்டுங்கள். இரண்டும் முடியாவிட்டால் சீக்கிரம் விற்பதுதான் வழி. காயடிக்காத கிடா கொஞ்சம் வேகமாக எடை போடும். காயடித்தது கொழுப்புச் சேர்க்கும், வாடை இருக்காது. உங்கள் பக்கம் வாங்குபவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, மிஞ்சிய பெட்டைக்குட்டிகள். இவற்றை வெட்டு விலைக்குக் கொடுக்காமல் வளர்ப்புக்கு வாங்குபவரைத் தேடுங்கள்.

கடைசியாக, பழைய பொலிகிடா. அதன் பெட்டைக்குட்டிகள் ஏழெட்டு மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், அதற்குமேல் அது பட்டியில் நின்றால் தன் மகள்களையே சினைப்படுத்தும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவது நல்லது. விற்பதைவிட, தூரத்தில் இருக்கும் இன்னொரு வளர்ப்பாளரோடு கிடாவைக் கிடாவுக்கு மாற்றிக்கொள்வது பல நேரம் லாபம்.

இந்த வரிசையை நோட்டில் பெயரோடு எழுதிவையுங்கள். பணம் தேவைப்படும் நாளில் மேலிருந்து கீழே போனால் போதும்.

## 5. இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்குக் காசில் கணக்குப் போட்டால் குழம்பும், விலை ஏறி இறங்குவதால். எல்லாவற்றையும் ஆட்டின் கிலோவில் போடுங்கள்.

ஒரு கிடாக்குட்டி 18 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டைப் பார்த்தால் கடந்த மூன்று மாதத்தில் முறையே 2.4, 1.9, 0.8 கிலோ ஏறியிருக்கிறது. அதற்கென்று காசு கொடுத்து வாங்கும் தீவனமும் மருந்தும் மாதத்துக்கு அரை கிலோ ஆட்டு விலைக்குச் சமம். அப்புறம் சாவு. உங்கள் பட்டியில் இந்த வயதில் வருடத்துக்குப் பத்தில் ஒன்று இறக்கிறது என்றால், மாதத்துக்கு நூற்றில் ஒன்றுக்குச் சற்று குறைவு. 18 கிலோ ஆட்டில் அது 150 கிராம். ஆக, வைத்திருப்பதற்கான செலவு மாதம் 650 கிராம். ஏறுவது 800 கிராம். இன்னும் 150 கிராம்தான் லாபம், இறங்குமுகம். விற்கும் நேரம் வந்துவிட்டது.

முதல் மாதத்தில் இதே கணக்கைப் போட்டிருந்தால் லாபம் ஒன்றே முக்கால் கிலோ. அப்போது விற்றிருந்தால் நஷ்டம். ஒரே ஆட்டுக்கு இரண்டு நேரத்தில் இரண்டு விடை வருவதால்தான் "இத்தனை மாதத்தில் விற்க வேண்டும்" என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நான் ஏற்பதில்லை.

மேய்ச்சலில்தானே விடுகிறேன், செலவே இல்லையே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் அது சரி. வறட்சியில் தழை அளவாகத்தான் கிடைக்கும். விற்க வேண்டிய கிடா தின்னும் தழை, சினை ஆட்டின் வாயிலிருந்து எடுத்தது. அந்தக் குறை குட்டியின் பிறப்பு எடையிலும் தாயின் பாலிலும் தெரியும்.

வறட்சி விஷயத்தில் ஒரே விதி: எல்லோரும் விற்பதற்கு முன்னால் விற்றுவிடுங்கள். புல் காய்ந்த பிறகு எல்லா வீட்டிலிருந்தும் மெலிந்த ஆடுகள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வரும், விலை விழும், எடையும் விழுந்திருக்கும். பசுமை இருக்கும் கடைசி வாரங்களில் பட்டியலின் மேல்பாதியைக் கொடுத்துவிட்டால் இரண்டு அடியும் விழாது. மழை வந்ததும் ஆடு இழந்த எடையை வேகமாகத் திரும்பப் போட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான்கு மாதம் கழித்துப் பழைய எடைக்குத் திரும்புவது என்றால் நான்கு மாதத்துச் சாவு அபாயத்தைச் சும்மா சுமந்தோம் என்றாகிறது.

பண்டிகைக்காகக் காத்திருப்பது வேறு கணக்கு. சந்திர மாதத்தில் வரும் பக்ரீத் போன்ற நாட்கள் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். போன வருட நினைவில் குட்டி விட்டால் தப்பும். குர்பானிக்கு வெள்ளாட்டுக்கு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், குருடு, நொண்டி, மிகுந்த மெலிவு இருக்கக் கூடாது. பின்னோக்கி எண்ணுங்கள்: வயது பன்னிரண்டு மாதம், சினை ஐந்து மாதம், ஆக குறைந்தது 17 மாதம் முன்னால் கிடா சேர்ந்திருக்க வேண்டும். அந்த நாளுக்குச் சில மாதம்தான் இருக்கிறது, கையில் இருப்பது ஏழு மாதக் குட்டி என்றால் அதை அந்தக் கணக்கில் வைத்திருப்பது வீண். வயது சரியாக இருந்தாலும் கடைசி நாளுக்கு நிறுத்தாதீர்கள். கடைசி நேரத்தில் விலை எந்தப் பக்கமும் சாயும், விற்காத ஆட்டைத் திருப்பிக் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில்.

## 6. எடையும் உடம்பும் தெரியாமல் பேச உட்காராதீர்கள்

விடியற்காலையில், மேய்ச்சலுக்கு விடும் முன் எடை போடுங்கள். வயிறு நிறைந்த ஆட்டில் எடையின் பத்து முதல் இருபது சதவீதம் வரை இரைப்பையில் இருக்கும் தீனியும் தண்ணீரும்தான். ஒரு மாதம் காலையிலும் அடுத்த மாதம் மாலையிலும் போட்டால் நோட்டில் இருக்கும் எண்கள் எதற்கும் உதவாது.

தராசு இல்லையென்றால் நாடா. முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புட்டத்து எலும்பு முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 26, நீளம் 24 என்றால் ஏறக்குறைய 24.6 கிலோ. சினை ஆட்டுக்கும் சிறு குட்டிக்கும் இது சரிவராது. முடிந்தால் உங்கள் ஆடுகளில் நாலைந்தைத் தராசிலும் நாடாவிலும் பார்த்து எவ்வளவு தப்புகிறது என்று ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள்.

உடம்புக்குக் கைதான் அளவுகோல். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால், முதுகெலும்பின் மேல் விரலை அழுத்துங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகக் குத்தினால் மெலிவு. அழுத்தினால்தான் தட்டுப்படுகிறது, மேலே சதை உருண்டிருக்கிறது என்றால் வெட்டுக்குத் தயார். எலும்பே தட்டுப்படவில்லை என்றால் கொழுப்புக்காகத் தீவனம் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வியாபாரி மனத்தில் ஓடுவது கறி எடை. நல்ல உடம்புள்ள ஆட்டில் உயிர் எடையின் 45 முதல் 50 சதவீதம் கறியாக வரும், மெலிந்ததில் 40ஐ ஒட்டிப் போய்விடும். 20 கிலோ ஆடு என்றால் 8 கிலோவா 10 கிலோவா என்பதுதான் பேரம். அந்தக் கறியின் விலையோடு தோல், தலை, கால், குடலின் விலையைக் கூட்டி, தன் வண்டிச் செலவையும் லாபத்தையும் கழித்து அவர் ஒரு எண் சொல்கிறார். நீங்களும் அதே கணக்கை முந்தின நாள் போட்டு வைத்திருங்கள்.

## 7. இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்ற விலை

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள், அதில் ஒருவராவது வாங்காதவராக இருக்கட்டும். சமீபத்தில் விற்ற இன்னொரு வளர்ப்பாளர் சொல்லும் விலைதான் நம்பத் தகுந்தது. "ஆடு என்ன விலை" என்று கேட்காமல் "இத்தனை கிலோ, இரண்டு பல், காயடித்த கிடா, கிலோ என்ன" என்று கேளுங்கள். இல்லையென்றால் மூன்று பேர் மூன்று வேறு ஆட்டுக்கு விலை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

கேட்ட விலைகளையும் உங்கள் கறிக் கணக்கையும் வைத்து ஓர் எண்ணை நோட்டில் எழுதுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

அடுத்து, வாசலிலா சந்தையிலா? நான்கு ஆடு, தலைக்கு 20 கிலோ, மொத்தம் 80. சந்தைக்குப் போகும் வழியில் ஐந்து சதவீதம் எடை குறைவது சாதாரணம், அது 4 கிலோ. வண்டி, சந்தைக் கட்டணம், ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்து 6 கிலோ ஆட்டு விலைக்குச் சமம் என்று வைப்போம். அப்படியானால் சந்தையில் வாசல் விலையைவிட நூற்றுக்கு 13 அதிகம் கிடைத்தால்தான் சமம். அதற்கு மேல் கிடைத்தால் போகலாம். ஒரே ஓர் ஆட்டோடு போனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் தேறாது. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் தேறும்.

வளர்ப்புக்கு விற்கும் பெட்டைக்கும் கிடாவுக்கும் கிலோ கணக்கே பேசாதீர்கள். அங்கே விலை தாயின் ஈற்றுக்கு, கூடப் பிறந்த குட்டிகளின் எடைக்கு, போட்ட தடுப்பூசிக்கு. நோட்டைத் திறந்து காட்டுங்கள். எழுதி வைத்ததற்குப் பலன் கையில் கிடைக்கும் இடம் இதுதான்.

## 8. ஆட்டைத் தயார்செய்தல்

மருந்து கொடுத்த தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு குடற்புழு மருந்துக்கும் ஆன்டிபயாடிக்குக்கும் கறியில் தங்கும் நாட்கள் உண்டு, சீட்டிலேயே போட்டிருக்கும். அந்த நாட்கள் முடியும்வரை வெட்டுக்குக் கொடுக்கக் கூடாது. வெள்ளாட்டுக்கென்று சீட்டில் இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள். அந்தக் கறியைச் சாப்பிடப் போவது யாருடைய பிள்ளையோ.

தடுப்பூசி போட்டுச் சந்தைக்கு அனுப்புவதாக இருந்தால் குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்னால் போடுங்கள். எதிர்ப்புச் சக்தி வர அவ்வளவு நாள் ஆகும்.

விற்கும் முன் கொழுக்க வைக்கிறேன் என்று திடீரென்று தானியத்தைக் கொட்டாதீர்கள். பழக்கமில்லாத வயிற்றில் தானியம் புளித்து ஆட்டைக் கொல்லும், துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் அப்போதுதான் வரும். கூட்டுவதானால் கைப்பிடியில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். உப்பைத் தின்னவைத்துத் தண்ணீர் குடிக்கவிட்டு எடை காட்டுவது ஏமாற்று, அதை ஆட்டின் விலாவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்த எண்ணையும் நம்ப மாட்டார்கள்.

கழிச்சல், மூக்கொழுகல், வாய்ப்புண், காய்ச்சல் இருக்கும் ஆட்டை விற்காதீர்கள், விலை எவ்வளவு சொன்னாலும். ஆட்டுக்கொல்லி நோய் இப்படித்தான் ஒரு பட்டியிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து நூறு பட்டிக்கும் போகிறது. மடி கெட்ட, மலட்டுப் பெட்டையை வெட்டுக்கு மட்டும் கொடுங்கள். வளர்ப்புக்கு என்று கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

## 9. விற்கும் நாள்

விற்கும் ஆடுகளை மட்டும் வெளியே தனியாகக் கட்டுங்கள். வியாபாரியைப் பட்டிக்குள் விடாதீர்கள். உள்ளே வந்தால் கண் நல்ல பெட்டையின் மேல் விழும், "இதையும் சேர்த்துக் கொடு, நல்ல விலை தருகிறேன்" என்று தொடங்குவார். பல பட்டிகள் ஏறி இறங்கி வரும் அவருடைய செருப்பில் நோயும் வரலாம்.

வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். பணம் எதற்கு வேண்டும் என்பதை வாயே திறக்காதீர்கள்.

"மொத்தமாக நாலுக்கும் ஒரு விலை" என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என்ன போடுகிறார் என்று கேளுங்கள். நல்ல கிடாவின் விலை கழிவுப் பெட்டையின் விலைக்குள் ஒளிந்துவிடும் இடம் இது. தனி விலைகளின் கூட்டுத் தொகை உங்கள் எண்ணைத் தாண்டினால் மொத்தமாகக் கொடுப்பதில் தப்பில்லை. தராசு அவருடையது என்றால், எடை தெரிந்த ஒரு மூட்டையை முதலில் தூக்கிப் பாருங்கள்.

பணத்தை எண்ணி வாங்கிய பிறகே கயிற்றைக் கொடுங்கள். பாதி இப்போது, பாதி அடுத்த வாரம் என்றால், இப்போது தரும் பாதியையே முழு விலையாக நினைத்துப் பாருங்கள். அதற்குக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் ஆடு கட்டியிருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

சந்தையில் விலை படியாமல் திரும்பி வரும் ஆட்டை நேராகப் பட்டியில் விடாதீர்கள். மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனிப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் தொற்றிய பிறகு வெளியே தெரியப் பத்து நாள் வரை ஆகலாம். அதுவரை ஆடு நன்றாகத்தான் மேயும். இந்தச் சிரமத்தையும் வாசலா சந்தையா என்ற கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 10. அன்று இரவே எழுத வேண்டியவை

எடை, பல், விலை, கிலோவுக்கு எவ்வளவு விழுந்தது, யார் வாங்கினார், எதற்காக விற்றோம், எத்தனை பேர் விலை கேட்டார்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் கிலோ விலை மறந்துபோய் மொத்தத் தொகை மட்டும் மிஞ்சும், அதை வைத்து அடுத்த ஆட்டுக்கு விலை பேச முடியாது.

வந்த பணத்தில் பட்டிக்கு வேண்டியதை அன்றே எடுத்து வையுங்கள்: அடுத்த தடுப்பூசி, வறட்சிக்கான தீவனம், கிடா மாற்றும் செலவு.

ஒரு வாரம் கழித்து வியாபாரியைப் பார்த்தால் அந்த ஆட்டில் கறி எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். சிலர் சொல்ல மாட்டார்கள், சிலர் சொல்வார்கள். சொன்ன எண்ணை உங்கள் உயிர் எடைக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தால், ஐந்தாறு விற்பனையில் உங்கள் மேய்ச்சலில் வளரும் ஆட்டுக்கு 43 சதவீதமா 48 சதவீதமா என்பது தெரிந்துவிடும். ஆறாவது படியில் போட்ட உத்தேசக் கணக்கை அதன்பின் அந்த எண்ணை வைத்தே போடுங்கள்.